மட்டன் ஸ்னாப்பரின் பெயரை மாற்றியவர்

பாசமுள்ள நங்கையா,

ரகுராமை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நலம் விசாரித்தால் மட்டும் நீங்கள் பதில் போட்டுவிடவா போகிறீர்கள்?

இதை நம் வீட்டில் இருப்பவர்கள் மட்டும் படித்தால் போதாது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் படிக்க வேண்டும். உங்களைப் பற்றி இந்த ஊர் ஒரு கதையைக் கேட்டு, நம்பி, சிரித்தும் முடித்துவிட்டது. நடந்தது என்ன என்பதையும் கேட்கட்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஜெசிந்தா. தூத்துக்குடியில் பிறந்து, மீன்களைப் பற்றியே முதுகலை வரை படித்தவர். என் அண்ணன் செந்திலைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே யோசிக்காத இந்த ஊருக்கு வந்தீர்கள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கையா என்போம். முதல் நாள் நான் அப்படிக் கூப்பிட்டபோது, "அது என்ன பிள்ள, நங்கூரம் மாதிரி இருக்கு" என்று சிரித்தீர்கள். உங்களைவிட நான் இரண்டு வயதுதான் சின்னவள். அந்தச் சிரிப்பிலேயே நாம் கூட்டுச் சேர்ந்துவிட்டோம்.

நம் வீடு சைவம். அம்மா உங்களை உட்கார வைத்து, "எல்லாம் உன்ற இஷ்டம் கண்ணு, மீன் வாசம் மட்டும் நம்மூட்டுக்கு வேண்டாம்" என்று தன்மையாகச் சொன்னார். நீங்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சமைக்க முடியாத மீனை வரைய ஆரம்பித்தீர்கள். சாப்பாட்டு மேசையில் தட்டை எடுத்த இடத்தில் உங்கள் படம் வந்து உட்காரும். அம்மாகூட எட்டிப் பார்த்துவிட்டு, "இது வாசமடிக்காதில்ல" என்று கேட்டுப் போவார்.

அந்தக் கைதான் உங்களை அனுப்பர்பாளையத்துக் கம்பெனியின் டிசைன் செக்‌ஷனில் சேர்த்தது. நான் அப்போது ஊரின் இன்னொரு கோடியில், வேறொரு கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருந்தேன். உங்கள் கம்பெனிக்கு அமெரிக்காவில் ஃப்ளோரிடாவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. தூண்டில் போடப் போகிறவர்கள் உடுத்துகிற முழுக்கைச் சட்டைகள். ஒவ்வொரு சட்டையிலும் ஒரு மீன், அதற்குக் கீழே அதன் பெயர். எல்லாமே ஸ்னாப்பர் குடும்பத்து மீன்கள். "நம்ம பக்கம் சங்கரா, செப்பிலின்னு சொல்றோம்லா, அதுங்களுக்கு அட்லாண்டிக்ல இருக்கிற சொந்தக்காரங்க" என்று அன்றைக்குச் சாயங்காலம் குதித்துக்கொண்டு வந்து சொன்னீர்கள்.

மற்ற டிசைனர்களாக இருந்தால் இணையத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து ஒட்டியிருப்பார்கள். நீங்கள் ஒவ்வொன்றையும் செதில் செதிலாக வரைந்தீர்கள். ஜென்மத்தில் மீனை வாயில் வைக்காத எனக்கு அந்த மேசையில்தான் கண் திறந்தது. ரெட் ஸ்னாப்பருக்குக் கண்ணும் சிவப்பு. அதேபோலச் சிவந்திருந்து கண் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது சில்க் ஸ்னாப்பர். மார்புத் துடுப்பின் அடியில் மை தொட்டு வைத்ததுபோல் கறுப்பு இருந்தால் பிளாக்ஃபின். விலாவில் கரும்பொட்டு வைத்தவை இரண்டு உண்டு: உடம்பு முழுக்க மஞ்சள் கோடு ஓடினால் லேன், கண்ணுக்குக் கீழே நீலக் கோடும் சின்னப் பொட்டும் இருந்தால் மட்டன்.

மட்டன் என்றதும் நானும் சிரித்தேன். மீனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். "வச்சவனத்தான் கேக்கணும். ஆனா வச்ச பேரை மாத்த நமக்கு உரிமை இல்ல, கோகிலா" என்றீர்கள். அங்கே எந்த மீனை எப்போது பிடிக்கலாம், எதைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். ஒன்றை இன்னொன்று என்று நினைத்துப் படகில் போட்டால் அபராதம் கட்ட வேண்டும். அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு மீனின் பெயர் விளையாட்டில்லை என்றும் சொன்னீர்கள்.

ரகுராமுக்கு விளையாட்டாக இருந்தது. அவர் டிசைன் செக்‌ஷனின் தலைவர், முதலாளியின் அக்கா மகன். உங்கள் சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்காக நீங்கள் தூத்துக்குடி போயிருந்த வாரத்தில்தான் படமும் பெயரும் சேர்ந்த பிலிம் அச்சுக்குப் போனது. நீங்கள் திரும்பி வந்தபோது சட்டைகள் பெட்டியில் அடுக்கிக் கப்பலுக்குப் போயிருந்தன. ஃப்ளோரிடாக்காரர்கள் பிரித்துப் பார்த்தார்கள். மட்டன் ஸ்னாப்பரின் கீழே ரெட் ஸ்னாப்பர் என்று இருந்தது. அங்கே கடைக்கு வந்தவர்கள் படம் பிடித்து இணையத்தில் போட்டுக் கேலி செய்தார்கள். அந்தச் சட்டைகள் மொத்தமும் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் முழுதாக என்னிடம் சொன்னதே இல்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். தையல் செக்‌ஷனில் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லி, ரகுராம் அந்தச் சட்டையைத் தூக்கிப் பிடித்தாராம். மீன் படிப்புப் படித்தவருக்கு ஒரு மீனின் பெயர் தெரியவில்லை, அந்தப் படிப்பை நம்பி மொத்தக் கம்பெனியும் தலைகுனிந்து நிற்கிறது என்றாராம். நீங்கள் நடுவில் நின்றீர்களாம். அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள்: "நான் அப்பிடி எழுதல." அழவும் இல்லை. முதலாளி உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டாரா?

உங்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நீங்கள் வேறு இடங்களுக்குப் போனீர்கள். நம் ஊர் மரியாதை தெரிந்த ஊர், யாரும் விரட்டவில்லை. உட்கார வைத்து, காப்பி கொடுத்து, "ஏனுங்க, அந்த மீன் சட்டை வரஞ்சது நீங்கதானுங்களா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் கூப்பிடுகிறோம் என்று அனுப்பினார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்த சட்டைகள், கழித்த சரக்கு விற்கிற காதர்பேட்டைக்கு வந்து, மலிவு விலையில் ஊரெல்லாம் பரவின. ஒரு நாள் நாம் ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர் அதைத்தான் போட்டிருந்தார். முதுகில் உங்கள் மட்டன் ஸ்னாப்பர், நீலக் கோடு, பொட்டு எல்லாம் அப்படியே. கீழே யாரோ வைத்த பெயர். வீடு வரும்வரை நீங்கள் வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

அந்த மழைக்காலத்தில் டெங்கு வந்தது. மூன்றாம் தெருவில் வந்தது, பக்கத்து வீட்டில் வந்து போனது, உங்களுக்கு வந்து உங்களைக் கொண்டு போனது. ரகுராமா உங்களைக் கொன்றார்? இல்லை, கொசுதான். அண்ணன் இதைத்தான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஆனால் நங்கையா, பொய்ப் பழியோடு ஒருவரைக் குழிக்குள் இறக்குவதற்குக் கொசுவா காரணம்?

உங்களுக்காக வீட்டில் ஜெபம் வைத்த அன்று, பிரிண்டிங் மாஸ்டர் சண்முகம் அண்ணன் வந்தார். சாப்பிடாமல் வாசலில் நின்று என்னிடம் சொன்னார். பிலிமில் மட்டன் என்றுதான் இருந்திருக்கிறது. ரகுராம் அதைப் பார்த்து, மீனுக்கு மட்டன் என்று யாராவது பெயர் வைப்பார்களா என்று சிரித்து, எல்லாருக்கும் தெரிந்த பெயராகப் போடச் சொல்லி மாற்றியிருக்கிறார். சண்முகம் அண்ணன் பக்கத்தில் நின்றிருக்கிறார். பிறகு பழி உங்கள் மேல் விழுந்தபோதும் நின்றிருக்கிறார். வேலைக்குப் பயந்து பேசவில்லை என்றார். அவரை அடிக்க எனக்குக் கை வந்தது. அடிக்கவில்லை. "ஒரு நா நான் கூப்பிடுவனுங்க, அன்னிக்கிப் பேசுவீங்களா?" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. நான் வேலையை விட்டுவிட்டு, அந்த ஃப்ளோரிடா ஆர்டர்களைக் கவனித்துக்கொள்கிற பையிங் ஹவுஸில் சேர்ந்தேன். வெளிநாட்டுக் கடைக்காரருக்கும் இங்குள்ள கம்பெனிகளுக்கும் நடுவில் நிற்கிற அலுவலகம் அது. எந்தக் கம்பெனிக்கு எந்த ஆர்டர், எந்த சாம்பிள் தேறியது, தேறாதது எல்லாம் எங்கள் வழியாகத்தான் போகும். அண்ணன் ஏன் என்று கேட்டார். சம்பளம் பரவாயில்லை என்றேன். அது நிஜமில்லை என்று அவருக்கும் தெரியும்.

காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. சட்டை தவறாகப் போனாலும் மீனின் அழகை அந்தக் கடைக்கார அம்மாவால் மறக்க முடியவில்லை. லிண்டா என்று பெயர். இன்னும் மீன்கள் வேண்டும் என்று கேட்டு எழுதினார். கம்பெனிக் கம்ப்யூட்டரில் நீங்கள் வரைந்து வைத்துவிட்டுப் போன மீன்கள் இருந்தன. ரகுராம் அவற்றை எடுத்து, எல்லாம் தான் வரைந்தது என்று அனுப்பினார். படம் தன்னுடையது, பெயர் எழுதியதுதான் அந்தப் பெண் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடிதத்தை லிண்டாவுக்கு அனுப்பி வைத்ததே என் கைதான். அனுப்பிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

முதலில் ஒரு யோசனை வந்தது. பெயர்களை அவரே போடட்டும், தவறாகத்தான் போடுவார், மொத்தச் சரக்கும் கப்பலேறித் திரும்பி வரட்டும், இந்த முறை மாட்டிவிட அவருக்கு ஆள் இருக்காது. இரண்டு நாள் அந்த நினைப்பில் நன்றாகத் தூங்கினேன். பிறகு கம்பெனிக்குப் போனபோது தையல் செக்‌ஷன் வழியாக நடந்தேன். பீஸ் கணக்கில் தைக்கிற பெண்கள், பீகாரிலிருந்து வந்த பையன்கள். சரக்கு திரும்பினால் ரகுராமுக்கு முன்னால் இவர்கள் வீட்டுக்குப் போவார்கள். எனக்கு அவர் ஒருவர்தான் வேண்டும். சாம்பிளிலேயே முடிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

லிண்டா நேரில் வரப்போகிறார் என்று தெரிந்ததும் சாம்பிள் சட்டைகளைப் பெயர் இல்லாமல் அச்சடித்து வைக்கச் சொன்னேன். எழுத்தின் அளவு இன்னும் முடிவாகவில்லை என்று காரணம் சொன்னேன். பொய்தான். மையைப் பற்றிப் பேச வேண்டும் என்று சண்முகம் அண்ணனையும் அறைக்கு வரச் சொல்லிவிட்டேன். லிண்டா வந்த அன்று அறையில் முதலாளி ஒரு பக்கம், ரகுராம் அவருக்குப் பக்கத்தில் புதுச் சட்டையில். லிண்டாவுக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். வெயிலில் காய்ந்த கைகள், விரல்களில் தூண்டில் கயிறு அறுத்த தழும்பு. சட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

நான் இரண்டு சட்டைகளை எடுத்து அருகருகே விரித்தேன். "சார், நீங்க வரஞ்சதுங்களே. இதுல எது மட்டன், எது லேன்னு மேடத்துக்குக் காட்டுங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே மஞ்சள் கோடு போட்ட லேன் மீனைத் தொட்டு மட்டன் என்றார். லிண்டாவே இன்னொரு சட்டையை எடுத்து அவர் முன் தள்ளினார். ரெட் ஸ்னாப்பர் என்றார் ரகுராம். அது மஞ்சள் கண்ணோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கண்ணுக்கு மஞ்சள் தீட்டியபோது ஏன் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா என்று லிண்டா ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். நிறம் போட்டது கம்ப்யூட்டர் பையன்கள் என்றார் இவர். அப்படியென்றால் போன முறை பெயர் மாறியது எப்படி என்று லிண்டா கேட்டார். அது இங்கே முன்னால் வேலை பார்த்த ஒரு பெண் செய்தது என்றார்.

"எந்தப் பொண்ணுங்க?" என்று கேட்டேன்.

"அதாங்க, இறந்துட்டாங்களே. தூத்துக்குடிப் பொண்ணு."

"பேருங்க?"

நங்கையா, அவருக்கு உங்கள் பெயர் தெரியவில்லை. ஒரே அறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவருக்கு, ஒரு கூட்டத்தின் முன்னால் நிற்க வைத்து உங்களை அவமானப்படுத்தியவருக்கு, உங்கள் பெயர் வரவில்லை. ஜெனிஃபர் என்றார். இல்லை, ஜெனிட்டாவோ என்றார். நான் உதவி செய்யவில்லை. அவர் நெற்றி வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் ஒரு தப்பான பெயர் சொல்ல மாட்டாரா என்று இருந்தது.

"ஜெசிந்தாங்க. எங்க நங்கையா" என்றேன் கடைசியில். முதலாளி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அதுவரை நான் யார் வீட்டுப் பெண் என்று சண்முகம் அண்ணனைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. பிறகு சண்முகம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அன்று ஒப்புக்கொண்டபடி பேசினார்.

"மட்டன்னுதானுங்க பிலிம்ல இருந்துச்சு. சிரிச்சுட்டு ரெட்டுன்னு மாத்தச் சொன்னது இவருங்க. அந்தம்மா ஊர்லயே இல்லீங்க."

லிண்டாவுக்கு நான் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தேன். என் ஆங்கிலம் அன்றைக்குப் போல என்றைக்கும் சுத்தமாக வந்ததில்லை. ஆர்டர் இந்தக் கம்பெனியில் இருக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று முதலாளி லிண்டாவைக் கேட்டார். லிண்டா என்னைக் கைகாட்டினார். ரகுராம் எந்த இடத்தில் உங்கள் மேல் பழி சொன்னாரோ அதே இடத்தில் நின்று, தன் வாயால் மாற்றிச் சொல்ல வேண்டும் என்றேன்.

மெஷின்களை நிறுத்தினார்கள். ரகுராம் தையல் செக்‌ஷனின் நடுவில் போய் நின்றார். மட்டன் ஸ்னாப்பரின் பெயரை மாற்றியது தான்தான், ஜெசிந்தா மேல் தப்பில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பின்வரிசையில் ஒரு டெய்லரம்மா, "கேக்கலீங்க சார்" என்றார். மறுபடி சொன்னார். லைன் சூப்பர்வைசர் வடக்கத்திப் பையன்களுக்காக அதை இந்தியில் சொன்னார். ஆக, மூன்று முறை. நான் கதவோரம் நின்று மூன்றையும் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது நங்கையா. உங்களிடம் மறைக்க மாட்டேன், வாழ்க்கையில் வேறெந்த நாளும் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அந்த மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். மருமகன் என்றும் பார்க்கவில்லை. இப்போது வெள்ளகோவில் பக்கம் எங்கோ நூல் மில்லில் இருக்கிறாராம்.

லிண்டா சட்டையில் உங்கள் பெயரைப் போட ஆசைப்பட்டார். சின்னதாக ஒரு சிலுவையும் நினைவாக என்ற சொல்லும் போட்டு மாதிரி அனுப்பினார். அண்ணன் அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். சிலுவை வேண்டாம், நினைவாக வேண்டாம். உயிரோடு இருக்கிற ஓவியருக்கு எப்படிப் போடுவார்களோ அப்படிப் போடுங்கள் என்று எழுதினேன். இப்போது ஒவ்வொரு சட்டையிலும் மீனின் பெயர் இருக்கிறது, அதன் கீழே வரைந்தவர் ஜெசிந்தா என்று இருக்கிறது. இரண்டின் எழுத்தையும் சரிபார்ப்பது நான்.

முதல் சட்டை அச்சாகி வந்த அன்று ஒன்றை எடுத்து, மடித்து, ரகுராமின் வீட்டுக்குக் கொரியரில் அனுப்பினேன். அவர் அளவு டபுள் எக்ஸ்எல். கூட ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த மீன் வந்ததும் அடுத்தது போனது. அதற்கடுத்ததும் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் நம் வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். அம்மா உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார். அண்ணன் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். நீங்கள் கட்டிக்கொண்ட மனிதர் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா? பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"சட்டை அனுப்பறதை நிறுத்திக்கங்க. கொழந்தைங்க எடுத்துப் படிச்சுட்டு, யாருப்பா ஜெசிந்தான்னு கேக்கறாங்க."

"சொல்லுங்க" என்றேன். "அதுக்குத்தானுங்க அனுப்பறேன்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணன், "அவ இருந்தா இதைச் செய்ய விடமாட்டா கோகிலா" என்றார். இருக்கலாம். நீங்கள் இருந்திருந்தால், போதும் விடு பிள்ள என்று என் கையிலிருந்து பார்சலைப் பிடுங்கியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் இருந்திருந்தால் நான் ஏன் பார்சல் கட்டப் போகிறேன்? மன்னிக்கிற உரிமை உங்களுடையது. நீங்கள் அதைக் கையோடு கொண்டுபோய்விட்டீர்கள். என்னிடம் விட்டுப்போனது இது ஒன்றுதான்.

அடுத்த சீசனுக்கு டாக் ஸ்னாப்பர். கண்ணுக்குக் கீழே வெள்ளை முக்கோணம், வாயை மூடினாலும் வெளியே தெரிகிற கோரைப்பல். நீங்கள் வரைந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நிறம் அப்படியே வந்திருக்கிறது, சண்முகம் அண்ணன் மூன்று முறை மையை மாற்றிக் கலந்தார். அந்தச் சட்டையும் வெள்ளகோவிலுக்குப் போகும். நீங்கள் வரைந்து வைத்த மீன்கள் தீரும்வரை போகும். தீர்ந்த பிறகு முதல் மீனிலிருந்து மறுபடி ஆரம்பிப்பேன். இது நான் உங்களுக்குச் செய்து தருகிற சத்தியம்.

யார் சொன்னாலும் நிறுத்தாத,
உங்கள் நாத்தனார்
கோகிலா